கடைக் கம்ப்யூட்டரின் வீட்டோட மாப்பிள்ளைகள்

கடையில் ஒரே ஒரு கோட்டுதான் உண்டு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்க வருகிறவர் ஒல்லியோ குண்டோ, அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். ஒல்லியாக இருந்தால் முதுகுப் பக்கம் நாலு கிளிப் மாட்டி இழுத்துப் பிடிப்பார்கள். குண்டாக இருந்தால் முன்பக்கத்துக்கு மட்டும்தான் கோட்டு, பின்பக்கம் கடவுள் விட்ட வழி. கேமராவுக்கு முதுகு தெரியாது என்பதால் இதுவரை எந்தப் படத்தையும் யாரும் திருப்பி அனுப்பவில்லை. சுவரில் ஒரு கண்ணாடி, அதன் ஆணியில் நூல் கட்டித் தொங்கும் ஒரு சீப்பு, சுழலும் ஸ்டூல் ஒன்று, அதற்குப் பின்னால் மாட்டிக்கொள்ள வெள்ளைத் துணி ஒன்று, நீலத் துணி ஒன்று. இந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின், லேமினேஷன் மெஷின், மூலையில் கம்ப்யூட்டர். கடை அவ்வளவுதான். மூன்று பேர் ஒரே நேரத்தில் உள்ளே வந்தால் நாலாவது ஆள் தெருவில் நின்றுதான் சிரிக்க வேண்டும்.

நடத்துவது அண்ணனும் தங்கையும். அண்ணனைப் போட்டோ அண்ணன் என்பார்கள், தங்கையை ஜெராக்ஸ் அக்கா என்பார்கள். அண்ணனைவிட எட்டு வயது இளையவள் எப்படி ஊருக்கெல்லாம் அக்கா ஆனாள் என்று கேட்கக் கூடாது. மெஷின் முன்னால் நின்றுகொண்டு "ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா? முதல்லயே சொல்லணும்" என்று அதட்டுகிற எவருக்கும் அந்தப் பதவி தானாக வந்துவிடும். தாத்தாமார்கள்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அதைவிடப் பெரிய குணம் ஒன்று உண்டு: ஒரே வேலையை இரண்டு தடவை செய்யச் சொன்னால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும். ஆனால் போட்டோக் கடை வேலை என்பதே ஒரே வேலையை ஆயிரம் தடவை செய்வதுதான். படத்தைத் திற, ஓரத்தை வெட்டு, முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் கொடு, எட்டாக அடுக்கு, கீழே தேதியைப் போடு, அச்சடி. சாயங்காலம் ஆனால் மணிக்கட்டு விண்விண் என்று தெறிக்கும். வலி தாங்காமல் தேடியபோதுதான், கம்ப்யூட்டரில் நாம் செய்கிற கிளிக்கையும் தட்டச்சையும் நமக்குப் பதிலாகச் செய்துகொடுக்கிற ஸ்கிரிப்ட் மொழி ஒன்று இருப்பது தெரிந்தது. நாம் ஒரு தடவை எழுதிவைத்தால் போதும். ஒரு பொத்தானைத் தட்டினால் மௌஸ் தானாக ஓடும், பெட்டிகள் தானாகத் திறக்கும், அச்சு தானாக வரும்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டாள். ஒரு மாதத்தில், கீபோர்டில் எஃப் எட்டுப் பொத்தானைத் தட்டினால் எட்டு போட்டோவும் வெளியே வந்து விழுந்தது. வாடிக்கையாளர்கள் வாயைப் பிளந்தார்கள். போட்டோ அண்ணன் மட்டும், "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, இன்னும் கொஞ்சம்" என்று தன் வேலையைப் பார்த்தபடி, "மந்திரம் போடுறா" என்று முணுமுணுத்தார். முணுமுணுத்தாலும் அதில் பெருமை இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

அப்படி இருந்தவர்கள் ஐந்து மாதமாகப் பேசிக்கொள்ளவில்லை.

காரணம் ஒரு திரை. ஒருநாள் அண்ணன் யாரிடமும் சொல்லாமல் கம்ப்யூட்டருக்குப் பெரிய திரை ஒன்றை வாங்கிவந்து மாட்டிவிட்டார். கதவு மாதிரி இருந்தது. அன்றைக்கென்று பார்த்து நீச்சல் குளத்து உறுப்பினர் அட்டை வேலை. குளத்துக்கே போய், ஈரத் தலையோடு நூற்றுச் சொச்சம் பேரைப் படம் பிடித்து வந்திருந்தார்கள். அக்கா வழக்கம்போல் எஃப் எட்டைத் தட்டினாள்.

இங்கேதான் விஷயம். அவளுடைய ஸ்கிரிப்ட்டுக்குக் கண் கிடையாது. பழைய திரையில் இடமிருந்து இத்தனை புள்ளி, மேலிருந்து இத்தனை புள்ளி தள்ளி "அச்சடி" இருக்கிறது, அங்கே போய்க் கிளிக் பண்ணு என்று அளந்து எழுதிவைத்திருந்தாள். புதிய திரையில் அந்த இடத்தில் வேறொன்று குடிவந்திருந்தது. "எல்லாவற்றையும் அழி." பாவம், கம்ப்யூட்டர் ஒரு வார்த்தை கேட்கத்தான் செய்தது, நிஜமாகவே அழிக்கவா என்று. இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நின்று பதில் சொல்லப் பொறுமை இல்லாத அக்கா, கேட்டால் உடனே எண்டர் தட்டு என்றும் ஸ்கிரிப்ட்டில் எழுதியிருந்தாள். தட்டியது. நூற்றுச் சொச்சம் ஈரத் தலைகளும் போயின. படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய கையோடு கேமராவின் மெமரி கார்டை அண்ணன் முதல்நாளே சுத்தமாகத் துடைத்துவைத்திருந்தார். அவருக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும்.

நீச்சல் மாஸ்டர் கடை வாசலில் நின்று போட்ட சத்தத்தில் எதிர் டீக்கடையில் டம்ளர் கழுவுவது நின்றது. அவர் போன பிறகு இவர்கள் ஆரம்பித்தார்கள்.

"உன் மந்திரத்தாலதான் எல்லாம் போச்சு!"

"யாரைக் கேட்டு ஸ்கிரீனை மாத்தினே?"

"கடைக்கு ஒரு சாமான் வாங்க உன்கிட்ட மனு போடணுமா?"

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும்!"

"நாளையிலேர்ந்து நீ மெஷின் பக்கமே வராதே."

"நீ இருக்கிற நேரத்துல வரமாட்டேன். சரியா?"

சரியாகத்தான் போயிற்று. காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை அண்ணன். ஒரு மணியிலிருந்து கடை சாத்தும் வரை தங்கை. இரண்டு பேரிடமும் சாவி இருந்தது. ஒருவர் செருப்பு தெருமுனையில் திரும்பிய பிறகுதான் மற்றவர் செருப்பு படியேறும். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. இரண்டும் ஒரே அச்சு.

அந்த வீம்பில் அக்கா செய்த ஒரே நல்ல காரியம், ஸ்கிரிப்ட் மொழியின் கையேட்டை உட்கார்ந்து முழுசாகப் படித்தது. தப்பு தன்னுடையது இல்லை என்று நிரூபிக்கத்தான் படித்தாள். படிக்கப் படிக்க முகம் தொங்கிவிட்டது. திரையின் அகலம் எவ்வளவு என்று அவள் அளந்து எழுதவே வேண்டியதில்லையாம். அந்த மொழிக்குள்ளேயே சில மாறிகள், அதாவது ஆளுக்கொரு விவரத்தைத் தாங்கி நிற்கும் பெயர்கள், தயாராக உட்கார்ந்திருக்கின்றன. திரை எவ்வளவு அகலம் என்று ஒன்றைக் கேட்டால் இந்த நிமிஷத்தில் இருக்கிற அகலத்தைச் சொல்லும். மணி என்ன, தேதி என்ன, கம்ப்யூட்டரைப் போட்டு எவ்வளவு நேரமாச்சு, மௌஸிலோ கீபோர்டிலோ கை பட்டு எவ்வளவு நேரமாச்சு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மாறி. நாம் எதையும் கொண்டுவந்து போட வேண்டாம். பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும்.

ஒரு தடவை அவள், மணி சொல்லும் மாறியைப் பார்த்து இனிமேல் நீ பத்து என்று எழுதிப் பார்த்தாள். முகத்தில் அடித்த மாதிரி பிழை என்று வந்தது. கேட்கலாமாம், மாற்ற முடியாதாம்.

"வீட்டோட மாப்பிள்ளைங்க மாதிரி" என்று அவள் தன் வீட்டுக்காரரிடம் சொன்னாள். "முன்னாடியே உள்ள உக்காந்திருக்காங்க. எது கேட்டாலும் சொல்வாங்க. ஆனா வேலை ஏவ முடியாது."

லிப்ட் ரிப்பேர் பார்க்கிற அவள் வீட்டுக்காரர் ஏவாமலே பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். "அப்ப உங்க அண்ணன்கிட்ட ஒரு போன் போட்டு, தப்பு ரெண்டு பேர்மேலயும்தான்னு சொல்லிடேன்" என்றார். அவள் பார்த்த பார்வையில் மறுபடி பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதலில் கொஞ்ச நாள் அண்ணிதான் தூது. ஜெராக்ஸ் மெஷினுக்கு டோனர் மை தீர்ந்துவிட்டது, லேமினேஷன் மெஷின் பேப்பரைக் கடிக்கிறது, இதெல்லாம் அண்ணி வழியாகத்தான் போய்வந்தது. "அவங்ககிட்ட சொல்லுங்க" என்று இந்தப் பக்கம், "அந்தம்மாகிட்ட சொல்லு" என்று அந்தப் பக்கம். ஒருநாள் அண்ணி கையில் இருந்த டோனர் டப்பாவை மேசைமேல் டொக்கென்று வைத்தாள்.

"நான் உங்க ரெண்டு பேருக்கும் போஸ்ட் உமன் இல்ல. இன்னியோட ராஜினாமா. வாய் இருக்குல்ல, பேசிக்கோங்க. இல்லேன்னா மெஷினுக்கு மெஷின் பேசட்டும்."

கோபத்தில் சொன்னதை அக்கா யோசனையாக எடுத்துக்கொண்டாள். மெஷின் பேசினால் அவள் பேசியதாக ஆகாதே! வீம்பும் குறையாது, விஷயமும் போய்ச் சேரும்.

அன்றைக்கே எழுதினாள். மணி சொல்லும் மாறியைக் கேள், ஒன்பதா? கை பட்ட நேரத்தைச் சொல்லும் மாறியைக் கேள், இப்போதுதான் மௌஸ் அசைந்ததா? அசைந்தால் ஆள் நாற்காலியில் இருக்கிறார். உடனே திரை நடுவே ஒரு பெட்டியைக் காட்டு. "வணக்கம். கம்ப்யூட்டர் பேசுகிறேன். பிரஷர் மாத்திரை போட்டாயிற்றா?" அதேபோல் பதினொரு மணிக்கு ஒன்று: "தொடர்ந்து உட்கார்ந்திருந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். எழுந்து நடக்கவும்." பன்னிரண்டு மணிக்கு ஒன்று: "கிளம்பும்போது குடையை மறக்க வேண்டாம்." கம்ப்யூட்டர் பேசுவதாக இருக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் அறிவிப்புப் பலகை மாதிரி எழுதினாள். பேச்சில் தங்கை வாடையே வராது என்று அவளுக்கு ஒரு நினைப்பு. எந்தக் கம்ப்யூட்டர் குடையைப் பற்றிக் கவலைப்பட்டது?

அதோடு விடவில்லை. பெட்டி எவ்வளவு நேரம் திறந்திருந்தது, எப்போது "சரி"யைத் தட்டினார் என்பதையும் மெஷின் ஓடிய நேரத்தைச் சொல்லும் மாறியைக் கேட்டுக் கணக்கெடுத்தாள். தினமும் மதியம் வந்ததும் அதைத்தான் முதலில் பார்ப்பாள். ஆரம்பத்தில் பெட்டி வந்த வேகத்தில் மூடப்பட்டது. பிறகு கொஞ்சம் நின்றது. ஒருநாள் பதினொரு மணிப் பெட்டி பன்னிரண்டு மணி வரை மூடப்படாமலே கிடந்திருந்தது.

"பாத்தீங்களா, மதிக்கவே இல்ல. அப்படியே போட்டுட்டு வேற வேலையப் பாத்திருக்கு" என்று வீட்டுக்காரரிடம் பொருமினாள். ஆனால் மாத்திரைப் பெட்டியை மட்டும் நிறுத்தவில்லை. அண்ணனுக்கு மாத்திரை மறந்துபோகும். அது வேறு கணக்கு.

இன்னொன்றும் செய்தாள். ராத்திரி கடை சாத்தும்போது ஸ்டூல்மேல் ஏறி நீலத் துணியைக் கழற்றி வெள்ளைத் துணியை மாட்டிவிட்டுப் போவாள். காலையில் வருகிற முதல் ஆட்களுக்குப் பெரும்பாலும் வெள்ளைதான் வேண்டியிருக்கும். முழங்கால் வலியோடு அண்ணன் ஏறி இறங்க வேண்டாமே. பேசாவிட்டால் என்ன, ஏறவிடாமல் இருக்கலாம் இல்லையா. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் மறுத்துமிருப்பாள்.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மதியம், கடை திறந்த கையோடு அண்ணி வந்து நின்றாள்.

"ராஜினாமா பண்ணிட்டீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா.

"இது தூது இல்ல, சேதி. உங்க அண்ணன் பின்தெருவுல ஒரு ரூம் பாத்திருக்காரு. தனியா ஸ்டூடியோ போடப் போறாராம். நாளைக்குக் காலைல சாவி வாங்கறாரு."

அக்காவுக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. "வாங்கட்டுமே" என்றாள்.

"வேணாம்னு நானும் சொன்னேன். அவரோ, நான் எவ்வளவோ பேசிப் பாத்துட்டேன், அவ மனசு இரும்பா இருக்கு, இனி நான் என்ன பண்றதுங்கறாரு."

"யாரு? அது எப்போ பேசிச்சு? ஒரு வார்த்தை? அஞ்சு மாசமா ஒரு வார்த்தை?"

"எனக்கென்ன தெரியும்? நான்தான் ராஜினாமா பண்ணிட்டேனே" என்று அண்ணி குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

பேசிப் பார்த்தாராமே! பொய் சொல்லவும் பழகிக்கொண்டார்! அக்கா ஜெராக்ஸ் மெஷினின் மூடியைப் படார் என்று அறைந்து மூடினாள். ஆனால் கோபம் எவ்வளவு நேரம் நிற்கும்? அது இறங்கியதும் அடியில் கிடந்தது தெரிந்தது. அந்தக் கடையில் அண்ணன் இல்லாமல் கறுப்புக் கோட்டையும் சீப்பையும் பார்த்துக்கொண்டு தான் மட்டும் உட்கார்ந்திருக்கப் போகிறோம். தாடையை இறக்குங்க என்ற குரலைக் காலையிலும் கேட்கவில்லை, மாலையிலும் கேட்கவில்லை, ஆனாலும் அது கடைக்குள்ளேதான் எங்கோ இருக்கிறது என்று இதுவரை ஒரு தெம்பு இருந்தது. நாளைக்குச் சாவி வாங்கிவிட்டால் அதுவும் போயிற்று. அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து ஒருவர் இரண்டு பக்க ஜெராக்ஸ் கேட்டு வந்து, வாங்க வேண்டிய திட்டைவிட அதிகமாக வாங்கிக்கொண்டு போனார்.

அப்புறம் கரண்ட் போயிற்று. மூன்று மணி வாக்கில் வந்தது. கம்ப்யூட்டரைப் போட்டபோது, கறுப்புத் திரையில் ஏதோ முறையிட்டு ஒரு பொத்தானைத் தட்டச் சொன்னது. இருந்த மனநிலையில் படிக்காமலே தட்டினாள். இன்டர்நெட் பெட்டி மட்டும் இன்னும் கண் முழிக்கவில்லை.

ஒரு அம்மா கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தையை வெள்ளைத் துணியில் படுக்கவைத்து, கிலுகிலுப்பை ஆட்டி, மேலிருந்து படம் பிடித்து, எஃப் எட்டைத் தட்டி, எட்டுப் படத்தையும் உறையில் போட்டுக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா திரும்பி வந்தாள்.

"ஏங்க, எம் புள்ளைக்கு நாலு மாசம்தான் ஆகுது. கீழ தேதியப் பாருங்க. இந்தப் போட்டோ எடுத்தப்போ எனக்குக் கல்யாணமே ஆகல."

அக்கா வாங்கிப் பார்த்தாள். குழந்தை, பிறப்பதற்குப் பல வருஷம் முன்பே, அமைதியாகக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள் கடிகாரத்தை ஓட்டுகிற சின்ன பேட்டரி ஒன்று உண்டு. அது செத்துப்போயிருக்கிறது. கரண்ட் போய் வந்ததில், நேரத்தைத் திருத்திக்கொள்ள இன்டர்நெட்டும் இல்லாமல், மெஷின் பழைய வருஷம் ஒன்றின் முதல் நாள் நடுராத்திரியிலிருந்து வாழ்க்கையை மறுபடி ஆரம்பித்திருக்கிறது. மாறிகள் பொய் சொல்லவில்லை. மெஷின் நம்பியதைச் சொல்லின, அவ்வளவுதான்.

தேதியை மட்டும் திருத்தி, படத்தை மறுபடி அச்சடித்துக் கொடுத்தாள். மணியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், போட்டோவில் மணியா வரப்போகிறது என்று விட்டுவிட்டாள். வெளியே சாயங்காலம் ஆகிக்கொண்டிருந்தது. மெஷினுக்கு மட்டும் விடியவில்லை.

ஆறு மணி இருக்கும். ஒரு கல்லூரிச் சான்றிதழை ஸ்கேன் செய்து முடித்து மௌஸில் கை வைத்தாள். திரை நடுவே ஒரு பெட்டி வந்து நின்றது.

"கம்ப்யூட்டர் அவர்களுக்கு. மதியம் உங்கள் முன்னால் உட்காரும் பெண்ணிடம் சொல்லவும். டீ குடிச்சியா? வெறும் வயித்தோட லேமினேஷன் மெஷின் பக்கத்துல நிக்காதே, தலை சுத்தும்."

அக்கா பெட்டியைப் பார்த்தாள். பெட்டி அக்காவைப் பார்த்தது. தான் எழுதியதுதானோ என்று ஒரு கணம் குழம்பினாள். தனக்குத் தானே டீ குடிச்சியா என்று எழுதிக்கொள்கிற அளவுக்கு இன்னும் முற்றவில்லையே!

ஸ்கிரிப்ட்டைத் திறந்தாள். மேலே அவளுடைய ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. அதோடு முடிந்துவிடும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள். கீழே உருட்டினாள். வெறும் வெள்ளை. இன்னும் உருட்டினாள். பக்கம் பக்கமாக வெள்ளை. யாரோ எண்டரைத் தட்டித் தட்டித் தட்டி, அவளுடைய எழுத்தின்மேல் மூச்சுக்காற்றுகூடப் படாத தூரத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே, கிணற்றுக்கு அடியில் மாதிரி, நாலைந்து வரிகள் கிடந்தன. அவளுடைய வரிகளை அப்படியே நகல் எடுத்து, மணியை மட்டும் மாற்றி, சேதியை மட்டும் மாற்றி எழுதியவை. மேலே ஒரு குறிப்பு: "உன்னோடது எதையும் தொடல. மறுபடி எதுவும் அழிஞ்சா நான் பொறுப்பில்ல."

அன்றைக்குப் பதினொரு மணிப் பெட்டி பன்னிரண்டு வரை ஏன் மூடப்படவில்லை என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது. அவர் மதிக்காமல் இல்லை. ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

மூன்று மணிக்கு டீ. ஐந்து மணிக்கு:

"சமாதானம்னா ராத்திரி நீலத் துணிய மாட்டிட்டுப் போ. கோபம்னா வெள்ளையே இருக்கட்டும். காலைல பாத்துக்கறேன்."

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். வெள்ளை! தினமும் ராத்திரி, அவர் முழங்காலுக்கு வலிக்கக் கூடாதென்று ஸ்டூலில் ஏறி, பார்த்துப் பார்த்து மாட்டிய வெள்ளை! காலைதோறும் ஷட்டரைத் தூக்கியதும், போ, உன்னோடு எனக்கென்ன பேச்சு என்று அவர் முகத்தில் அறைந்திருக்கிறது.

ஏழு மணிக்கு:

"அந்த ஸ்கிரீன் வாங்கினது பவிசுக்கு இல்ல. நீ கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாத்துட்டிருந்தே. கேட்டா வேணாம்னு சொல்லுவே. அதான் கேக்கல. கேட்டிருக்கணும்."

அதற்கும் கீழே, புதிதாகச் சேர்த்த ஒரு வரி: "நாளைக்கும் வெள்ளையா இருந்தா பின்தெரு சாவிய வாங்கிடறேன். அப்புறம் மெஷின் முழுசா உனக்குத்தான்."

எல்லாம் சரி. ஏன் ஒன்றுகூட இதுவரை வரவில்லை? அந்த எண்களை மறுபடி பார்த்தாள். மூன்று, ஐந்து, ஏழு. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிப்போடு மூக்கும் ஒழுகியது. மணி சொல்கிற மாறி ரயில்வே டைம்காரன். பூஜ்யத்திலிருந்து இருபத்து மூன்று வரை எண்ணுகிறவன். மதியம் மூன்று மணி அவனுக்குப் பதினைந்து. வெறும் மூன்று என்றால் விடியற்காலை. அவள் எழுதியிருந்தது ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. அவற்றில் ஒன்றுகூட இந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்காது. அதைப் பார்த்து எழுதியவர் மூன்று, ஐந்து, ஏழு என்று எழுதாமல் வேறென்ன எழுதுவார்? கடை பூட்டி, கம்ப்யூட்டர் அணைந்து, ஊரே குறட்டை விடுகிற நேரத்துக்கு அண்ணன் தங்கையைப் பார்த்து டீ குடிச்சியா என்று எழுதிவைத்திருக்கிறார். ஏழு மணிச் சேதிக்கும் கடை திறப்பதற்கு முன்பே நேரம் வந்து, கம்ப்யூட்டரே விழிக்காத வேளையில் கழிந்திருக்கிறது. இன்றைக்கு ஒரு பேட்டரி தன் உயிரைக் கொடுத்து மெஷினுக்கு மூன்று மணி காட்டியிருக்காவிட்டால் இதை அவள் பார்த்தே இருக்க மாட்டாள்.

கேட்டிருக்கணும் என்று எழுதியிருந்தாரே, அது அவளைக் குத்தியது. திரை எவ்வளவு அகலம் என்று அவளும்தானே கேட்கவில்லை. கேட்டால் சொல்கிறவர்கள் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள்.

போனை எடுத்தாள், வைத்தாள். ஐந்து மாத வீம்பை ஒரு போனில் உடைத்துவிட்டால் அது என்ன வீம்பு? அதோடு, அவர் கேட்டது போன் இல்லையே. கடை சாத்தும் நேரத்தில் ஸ்டூலில் ஏறி வெள்ளைத் துணியைக் கழற்றினாள். நீலத் துணியைச் சுருக்கம் இல்லாமல் நீவி மாட்டினாள். ஒரு கிளிப்புக்குப் பதில் ஆறு கிளிப் போட்டாள். இறங்கி நின்று பார்த்தாள். மறுபடி ஏறி இன்னும் இரண்டு போட்டாள்.

மறுநாள் எட்டு மணிக்கு முன்னாலேயே அவள் எதிர் டீக்கடையில், உள்பெஞ்சில், தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அவர் நேரே சாவி வாங்கப் போய்விட்டால்? கடைக்கே வராவிட்டால்? கண் தெருமுனையிலேயே இருந்தது. டீ ஆறிப்போயிற்று.

வந்தார். முழங்காலை ஒரு பக்கமாகச் சாய்த்து சாய்த்து, கையில் குடையோடு. பூட்டைத் திறந்தார். ஷட்டரைப் பாதி தூக்கினார். அதற்கு மேல் தூக்கவில்லை. குனிந்தபடியே உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். ஷட்டர் கைதவறிச் சரசரவென்று இறங்கியது. மறுபடி தூக்கினார், இந்தத் தடவை முழுசாக. நீலம் தெருவுக்கே தெரிந்தது.

அவர் சட்டைப் பையைத் தடவி போனை எடுத்தார். டீக்கடைக்குள் ஒரு போன் அலறியது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தூண் அவ்வளவு பெரியது இல்லை.

இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்னத் தெருதான். கூப்பிட்டால் கேட்கும். ஆனாலும் அவள் போனைக் காதில் வைத்தாள், அவரும் வைத்துக்கொண்டார். இரண்டும் ஒரே அச்சு என்று முன்பே சொன்னேனே.

ஐந்து மாதத்துக்குப் பிறகு தங்கை அண்ணனிடம் பேசிய முதல் வாக்கியம் இது:

"மூணு மணின்னா பதினஞ்சுன்னு போடணும்."

அவர் போனை மறு காதுக்கு மாற்றினார். பிறகு, "என்னது?"

"அதுக்கு ரயில்வே டைம்தான் தெரியும். நீ மூணுன்னு போட்டா விடியக்காலம் மூணு. கடைல யாரு இருப்பா? பேயா?"

அவர் குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டார். "அப்ப... நீ ஒண்ணையும் பாக்கவே இல்லியா?"

"நேத்துதான் பாத்தேன்."

"அந்த வெள்ளைத் துணி?"

"உன் முழங்காலுக்காக மாட்டினது, மக்கு."

தெருவுக்கு அந்தப் பக்கம் போட்டோ அண்ணன் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். தாடை தானாக இறங்கிப்போயிருந்தது. ஒரு சைக்கிள் போயிற்று. அது போனபிறகு, இத்தனை நாளும் யாரும் இல்லாத கடையில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருந்ததை, போனில் மெதுவாகக் கேட்டார்.

"டீ குடிச்சியா?"

"ஆறிப்போச்சு" என்றாள் அவள். டம்ளரைத் தள்ளிவைத்தாள். "ரெண்டு புதுசா சொல்றேன். ஷட்டரை இறக்கிட்டு வா."